பருந்து விரட்டுகிற மாசாணம்

மாசாணத்துக்கு என்ன வேலை என்று சூலூரில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். விமானப் படைத் தளத்தில் வேலை என்று பெருமையாக ஆரம்பித்து, காக்காய் ஓட்டுகிற வேலை என்று முடிப்பார்கள். அவர்கள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. காக்கி உடுப்பு, தோளில் வெடிகள் வைத்த ஒரு பை, கங்கு அணையாமல் புகைந்துகொண்டிருக்கும் கயிறு, பறவைகளைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம். இவ்வளவுதான் அவர் வைத்திருந்த படை. ஓடுபாதையின் கிழக்குக் கோடியில் நிற்க வேண்டும். பருந்தோ கொக்கோ குறுக்கே வந்தால் வெடியைக் கொளுத்தி மேலே விட வேண்டும். பறவை போனால் விமானம் வரும், விமானம் போனால் பறவை வரும். நடுவில் மாசாணம். ஒன்பது வருஷமாக இதே பாடுதான்.

கேட்பவர்களுக்கு இளப்பமாகத்தான் இருக்கும். ஒரு நாள் போய் நின்று பார்த்திருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்காது. எட்டு மணி நேரம் மனித முகம் கிடையாது. காலையில் ஜீப் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும், பொழுதுசாய ஏற்றிக்கொண்டு வரும். ரேடியோ வைத்துக்கொள்ளக் கூடாது, பத்திரிகை படிக்கக் கூடாது, மரத்தடி என்று ஒன்று அங்கே இருக்கவே கூடாது. முதல் இரண்டு வருஷம் அவர் பருந்துகளோடு பேசிப் பார்த்தார். பிறகு அதுவும் அலுத்துவிட்டது. வெடிச் சத்தத்திலும் விமானச் சத்தத்திலும் வலது காது மந்தமானதுதான் மிச்சம். வீட்டிலும் அவரோடு பேச்சு குறைந்தது. ஒரு தரம் சொன்னதை மறு தரம் சத்தமாகச் சொல்ல யாருக்குத்தான் பொறுமை இருக்கிறது?

எப்போதும் இப்படியா இருந்தார் என்றால், இல்லை. பீளமேட்டில் ஒரு மில்லில் வேலை பார்த்த காலத்தில் அவருக்கும் ஒரு கூட்டாளி இருந்தார். ரங்கராஜ். இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்டு, ஒரே சைக்கிள். போகும்போது ஒருவர் மிதித்தால் வரும்போது மற்றவர். பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லை என்று வீட்டில் அடித்துப் பேசி, தன் தங்கச்சி சாமியாத்தாளையே மாசாணத்துக்குக் கட்டிவைத்தவர் ரங்கராஜ். கூட்டாளி மச்சானானார். மில் மூடியபோது இருவரும் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். மாசாணத்துக்குத் தளத்தில் பறவை விரட்டும் வேலை கிடைத்தது. ரங்கராஜ் தளத்துக்குக் கிழக்கே கொஞ்சம் மானாவாரிக் காட்டைக் குத்தகைக்குப் பிடித்து பிராய்லர் ஷெட் போட்டார். அந்த வருஷங்களில் சூலூரிலிருந்து பல்லடம் வரைக்கும் எங்கே திரும்பினாலும் கோழி ஷெட்தான், ரங்கராஜும் நன்றாகவே தலையெடுத்தார்.

கெரகம் அங்கேதான் பிடித்தது. ஷெட்டில் தினமும் பத்துக் கோழியாவது சாகும். அவற்றைச் சாக்கில் அள்ளிப் பின்னாலிருந்த வறண்ட பள்ளத்தில் கொட்டிவிடுவார்கள். பருந்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இருபது வந்தது, நாற்பது வந்தது. தின்ற வயிற்றோடு அத்தனையும் ஓடுபாதைக்கு மேலேதான் வட்டம் போட்டன.

மாசாணம் ஒரு நாள் ஷெட்டுக்கே போனார். வேலையாட்கள் யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துத்தான் பேச்சை எடுத்தார், நாலு பேர் முன்னால் மச்சானைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று.

"மச்சான், செத்த கோழிய இப்பிடி வெளிய போடாதீங்க. குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடிப்போடுங்க. பருந்து ரொம்பக் கூடுது."

ரங்கராஜ் சிரித்தார். "பருந்துக்கும் வயிறு இருக்குதில்ல மாப்ள. அதுவும் இல்லீன்னா உனக்கு வேலையே இருக்காது, போ."

இரண்டு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் இருவரும் தனியாக ஓரமாய் நின்று டீ குடிக்கும்போது மறுபடியும் சொன்னார். ரங்கராஜ் அப்போதும் சிரித்துவிட்டு, டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மொபெட்டைக் கிளப்பினார். அதற்கு மேல் மாசாணத்துக்கு வாய் வரவில்லை. பெண் கொடுத்தவர், வயதில் மூத்தவர். நோட்டுப் புத்தகத்தில் 'பருந்து நாற்பது, கிழக்கு' என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தார். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர், எங்கிருந்து வருகின்றன என்று கேட்டபோது, "தெரியலைங்க சார்" என்றார். ஆறு மாதம் அப்படியே ஓடியது. மனசு அடித்துக்கொண்டுதான் இருந்தது. அந்த ஆறு மாதத்தில் இடுப்பு வாரில் இரண்டு ஓட்டை உள்ளே போனது.

தொண்ணூற்றைந்து சித்திரையில் ஒரு காலை நேரம் அது நடந்துவிட்டது. ஏறிக்கொண்டிருந்த விமானத்தின் எஞ்சினுக்குள் ஒரு பருந்து போய்விட்டது. மாசாணம் கொளுத்திய வெடி மேலே வெடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. விமானி எப்படியோ சுற்றித் திருப்பிக்கொண்டுவந்து இறக்கிவிட்டான். கிழக்குக் கோடியில் வந்து நின்ற விமானத்திலிருந்து இறங்கினவனைப் பார்த்தால் சின்னப் பையன், மாசாணத்தின் மகளைவிட ஒரு வயது இரண்டு வயது கூட இருக்கலாம். புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். மாசாணம் தன் தண்ணீர் கேனைக் கொடுத்தார். வாங்கிக் குடித்ததில் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. என்ன பாஷைக்காரனோ, ஏதோ சொன்னான். நன்றி என்றுதான் இருக்க வேண்டும். அந்தச் சொல் இவர் நெஞ்சில் முள்ளாக இறங்கியது.

அன்று பொழுதோடே ஷெட் இருக்கும் இடத்தையும், பள்ளத்தையும், ஆள் பெயரையும் நோட்டில் எழுதி அதிகாரியின் மேஜையில் வைத்தார்.

ஒரு மாதத்தில் ரங்கராஜுக்கு நோட்டீஸ் வந்தது. ஷெட்டைக் காலி செய்து, பல்லடத்துக்கு அப்பால் மாமனார் ஊர்ப் பக்கம் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. போகிற அன்றைக்கு டீக்கடையில் நின்று, "எந்தங்கச்சியக் கட்டிக்கிட்டு என்னையவே காட்டிக் குடுத்துப்போட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை காக்கா மாசாணம் என்று கேலி பேசிய ஊர் அன்றிலிருந்து ஆள்காட்டி என்றது. ஆள்காட்டி ஒரு பறவைதானே என்று மாசாணம் சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லை.

சாமியாத்தாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை, அண்ணன் பெயரை எடுக்கவில்லை, ஏன் எழுதினீர்கள் என்று கேட்கவும் இல்லை. ஒன்றரை வருஷம் அந்த வீட்டில் ஓடுபாதைக் கோடியின் தனிமைதான் இருந்தது.

இப்படியே போயிருக்கும். ஆனால் தொண்ணூற்றாறு புரட்டாசியில் மகள் சண்முகப்பிரியாவுக்கு மாப்பிள்ளை அமைந்தான். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிற பையன், நல்ல குடும்பம். தை மாதம் கல்யாணம். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா காபியை வாங்கிக்கொண்டே, "தாய்மாமன் எந்த ஊருங்க?" என்று கேட்டாள். சாதாரணக் கேள்விதான். சாமியாத்தாள் சிரித்த முகமாக, "பல்லடத்துல இருக்கறாங்க. ஒரே அண்ணன். வந்து முன்னால நிப்பாங்க" என்றாள். அவர்கள் போன பிறகு அடுப்படியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நகரவே இல்லை. தாய்மாமன் சீர்த்தட்டோடு முன்னால் நடக்காமல் பெண் எப்படி மணவறைக்குப் போவாள்? ஊர் வாய்க்கு அதைவிட வேறு தீனி வேண்டுமா? எப்பாடு பட்டாவது மச்சானைக் கல்யாணத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று மாசாணம் அன்றைக்குத் தீர்மானம் செய்தார்.

அதற்குத் தோதாகத்தான் அக்டோபரில் விமானப் படை நாள் வந்தது. அதை ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சனங்களைத் தளத்துக்குள் விடுவதாக ஏற்பாடு. பழைய விமானக் கொட்டகை ஒன்றைக் காட்சிக்கூடமாக ஆக்கியிருந்தார்கள். கூட்டிப் பெருக்கப் போன மாசாணம் மூன்றாவது மேஜையில் அதைப் பார்த்தார். அந்த எஞ்சினின் முன்பக்கத் தகடுகள். ஒவ்வொன்றும் வெற்றிலையை மடித்த மாதிரி மடங்கிக் கிடந்தது. பக்கத்தில் ஓர் அட்டை, ஒரே ஒரு பருந்தால் நேர்ந்தது என்று.

நாம் சொன்னால் மச்சான் நம்ப மாட்டார், கண்ணால் பார்த்தால் நம்புவார் என்று தோன்றியது. ஊழியர்களுக்குக் கொடுத்த பாஸ்களில் இரண்டைச் சாமியாத்தாளிடம் கொடுத்து, "நீயே நேர்ல போய் அழைச்சுப்போட்டு வா அம்மணி" என்றார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவள் பல்லடம் பஸ் ஏறினாள். அண்ணி காபி கொடுத்தாளாம், அண்ணன் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லையாம். பாஸை சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாசாணத்துக்கு லீவு கிடையாது. விமானங்கள் வித்தை காட்டுகிற நாளில் பறவை விரட்டுகிறவனுக்கு ஏது லீவு? ஒன்பதரைக்கு ஜீப் வந்துவிடும். அதற்குள் வீட்டாரைச் சுற்றிக் காட்டிவிட வேண்டும் என்று எட்டு மணிக்கெல்லாம் கேட்டில் நின்றார். சாமியாத்தாள், சண்முகப்பிரியா, கூடவே பக்கத்து வீட்டுச் சாஜிதா பேகம். தையல் மெஷினை ஒரு நாள் மூடிவைத்துவிட்டு, புளிசோற்று டப்பாவோடு வந்திருந்தாள்.

"அந்த டப்பாவ இங்க தொறந்துபோடாதீங்க தாயி. ஒரு பருக்கை கீழ உழுந்தா காக்கா வரும். அப்பறம் எம் பாடுதான் திண்டாட்டம்" என்றார் மாசாணம்.

"அப்ப உங்களுக்குப் பயந்துதான் நாங்க பட்டினி கெடக்கோணுமா அண்ணே?" என்று சாஜிதா பேகம் சிரித்தாள். சாமியாத்தாளுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்ததில் மாசாணத்துக்கு வயிறு குளிர்ந்தது.

பீடத்தில் ஏற்றி நிறுத்திய பழைய விமானத்தைக் காட்டினார். விமானியை இருக்கையோடு சேர்த்து வெளியே தூக்கி வீசுகிற ஏற்பாட்டைக் காட்டினார். பாராசூட் துணியைத் தொட்டுப் பார்த்த சாஜிதா பேகம், இதில் எத்தனை ரவிக்கை வெட்டலாம் என்று கணக்குப் போட்டாள். அவர் இவ்வளவு பேசி வீட்டார் கேட்டதே இல்லை. சண்முகப்பிரியா வரிசையில் நின்று, ஏணி ஏறி, விமானி உட்காரும் இடத்தில் உட்கார்ந்துவிட்டு இறங்கி வந்தாள்.

"உங்க எடம் எங்கீங்கப்பா?"

கிழக்கே கையைக் காட்டினார். நீண்டுகிடந்த பாதை முடிகிற இடத்தில் வெயில் அலையடித்தது.

"அங்கயா? அங்க ஒண்ணுமே இல்லீங்களே."

"ஆமா கண்ணு. ஒண்ணும் இருக்கக் கூடாது. அதுக்குத்தான் நானு."

மூன்றாவது மேஜைக்கு வந்தபோது அவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். அட்டையைச் சண்முகப்பிரியா படித்துச் சொன்னாள். சாமியாத்தாள் மடங்கிய தகட்டைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். வாசலில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. மாசாணம் ஒவ்வொரு வெள்ளை வேட்டியாகத் தேடினார். ஒன்பதே கால். ஒன்பது இருபத்தைந்து. ரங்கராஜ் வரவில்லை. ஜீப்காரன் ஹாரன் அடித்தான்.

"வந்தாங்கன்னா இந்த மேஜைக்குக் கூட்டிட்டு வா அம்மணி" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அப்புறம் அவருடைய இடம், அவருடைய வெயில். ஒரு மைலுக்கு அந்தப் பக்கம் கயிறு கட்டிய வேலியோரம் சனங்கள் நிற்பது கலர்ப் பொட்டுகளாகத் தெரிந்தது. சாமியாத்தாள் கட்டியிருந்த மாம்பழக் கலர்ச் சேலையை வைத்துத் தன் வீட்டாரைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் இரண்டு பொட்டு. மூன்று பேர். ஒவ்வொரு விமானமும் எழும்போது பருந்தைப் பார்ப்பார், அது போன பிறகு மாம்பழக் கலரைப் பார்ப்பார். பதினொன்றரை வாக்கில் பார்த்தபோது அந்த இடத்தில் நாலு பொட்டு இருந்தது. நாலாவது வெள்ளை.

வெள்ளை வேட்டி கட்டியவர் யாராகவும் இருக்கலாம். அவர் ஒரு முறை கையைத் தூக்கி ஆட்டினார். அங்கிருந்து யாரும் ஆட்டவில்லை. அங்கே நிற்கிறவர்களுக்கு இந்தக் கோடியில் ஓர் ஆள் நிற்பதே தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. நடுவில் கிடக்கிற பாதையைத் தாண்டி ஓடிப் போய் அந்த வேட்டியின் முகத்தைப் பார்த்துவிட மாட்டோமா என்று இருந்தது. வடக்கிலிருந்து இரண்டு பருந்து வந்தது. வெடியைக் கொளுத்தினார். விமானங்கள் சேர்ந்து பறந்து, பிரிந்து, குட்டிக்கரணம் போட்டன. சனம் கைதட்டியிருக்கும். அவர் காதுக்கு எதுவும் வரவில்லை. மறுபடி பார்த்தபோது கூட்டம் கலைந்திருந்தது, மாம்பழக் கலர் இல்லை.

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தார். கைகால் கழுவக்கூட விடாமல் சாமியாத்தாள் வாசலுக்கு வந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அண்ணன் வந்திருந்தாங்க."

அவர் அப்படியே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் இடது பக்கமாக வந்து தரையில் உட்கார்ந்தாள். ஒன்றரை வருஷத்துப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசுகிறவள் மாதிரிப் பேசினாள்.

"அந்த மேஜைக்குக் கூட்டிட்டுப் போனனுங்க. பிரியா படிச்சுச் சொன்னா. ரொம்ப நேரம் நின்னாங்க. தகட்டத் தடவிப் பாத்துப்போட்டு, இத்தனையும் ஒத்தப் பருந்தான்னு கேட்டாங்க. அந்தப் பைலட்டுப் பையன் பொழச்சானான்னு கேட்டாங்க. பொழச்சுட்டான்னு சொன்னதுக்கப்பறம், மாப்ள எழுதுனது தப்பில்லன்னு அவங்க வாயாலயே சொன்னாங்க."

மாசாணத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் மனசுல நிக்குதுன்னாங்க. 'எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே குழி வெட்டி மூடியிருப்பேன். சொல்லாமக் கொள்ளாம எழுதிப்போட்டாரு. அதத்தான் என்னால தாங்க முடியல. அவரு வந்து, சொல்லாம எழுதுனது தப்புன்னு பங்காளிங்க நாலு பேரு முன்னால ஒரு வார்த்தை சொல்லட்டும். சீர்த்தட்ட நானே எடுத்துட்டு முன்னால நடக்கறேன்.' இத்தனைதானுங்க சொன்னாங்க."

மாசாணம் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷெட்டின் பின்பக்கமும், பஸ் ஸ்டாண்ட் டீக்கடையும் கண் முன்னால் வந்து போயின. ரங்கராஜ் நிஜமாகவே மறந்திருக்கலாம். சிரித்துக்கொண்டு கேட்ட பேச்சு எத்தனை நாள் நினைவிருக்கும்? இல்லை, அந்தத் தகட்டைத் தொட்ட கையோடு, தெரிந்தும் செய்தோம் என்று நினைக்க மனசு ஒப்பாமல் அப்படி மாற்றிக்கொண்டிருக்கலாம். எப்படியானாலும் சாட்சி கிடையாது. யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னவர் இவர்தானே.

சாமியாத்தாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டாள்.

"ஏனுங்க. நெசத்தச் சொல்லுங்க. அண்ணன்கிட்ட நீங்க முன்னாடி சொன்னீங்களா, இல்லீங்களா?"

சொன்னேன் என்றால் நம்புவாள். இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்தவருக்கு அது தெரியாதா? நம்பினால் சும்மா இருக்க மாட்டாள். விடியக்காலை முதல் பஸ்ஸில் பல்லடம் போய், எங்க வீட்டுக்காரர் சொன்னது உனக்கு மறந்துபோச்சா என்று அண்ணன் சட்டையைப் பிடிப்பாள். அதோடு சீரும் போய்விடும், அண்ணனும் போய்விடுவார், தை மாதம் பெண் ஒற்றையாய் மணவறை ஏறுவாள்.

"இல்ல அம்மணி" என்றார் மாசாணம். "சொல்லலை."

சாமியாத்தாள் நெடுமூச்சு விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானும் அப்பிடித்தான் நெனச்சனுங்க" என்றாள். அதில் கோபம் இல்லை. ஒன்றரை வருஷமாக மனசுக்குள் வைத்திருந்த கணக்குச் சரியாக வந்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்லியிருக்கலாம்."

"போச்சாது, உடுங்க. வார வெள்ளிக்கிழமை நல்ல நாளு. போய்ச் சொல்லிப்போட்டு வந்தரலாம்."

"போலாம்" என்றார்.

அவள் எழுந்து மகளிடம் சொல்ல உள்ளே போனாள். இரண்டு பேரும் பேசிச் சிரிக்கிற சத்தம் வந்தது. மாசாணம் காக்கிச் சட்டையைக் கழற்றாமல், வெள்ளிக்கிழமை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டியதை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.